உள்ளே போன நோட்டு

என் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர் பெயர் கோதண்டராமன். கம்பெனியில் பர்சனல் ஆபீசர், மெட்ராஸ்காரர். சட்டைக் காலர் அழுக்காகிவிடக் கூடாதென்று கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். ஓசூர்க் குளிரில் யாருக்கய்யா கழுத்து வேர்க்கிறது என்று அப்போதே எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் அந்தக் கைக்குட்டைதான் கண்ணுக்கு வருகிறது, அப்புறம்தான் ஆள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். சிப்காட்டில் மோட்டார் சைக்கிள் ஹாரன் செய்கிற கம்பெனி அது. அசெம்பிளி லைனில் என்னுடையது ஏழாவது ஸீட். ஆறு பேர் கைபட்டு வருகிற ஹாரனுக்கு நடு ஸ்க்ரூவை வைத்து முறுக்கி, எட்டாவது ஸீட்டில் இருக்கிற ருக்மணி பக்கம் தள்ள வேண்டும். லைன் முடிகிற இடத்தில் கண்ணாடி அறை. அங்கே ஒவ்வொன்றையும் அடித்துப் பார்ப்பார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்துவரை நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த டிஜிட்டல் போர்டு. நான் சேர்ந்த ஆறாவது மாதம் அதைக் கொண்டுவந்து எங்கள் தலைக்கு நேர் மேலே மாட்டினார்கள். கறுப்புப் பெட்டி, அதில் சிவப்பாக எரியும் இரண்டு எண். இடது பக்கம் டார்கெட், 640. வலது பக்கம் அதுவரை முடித்தது. ஒரு ஹாரன் முடிந்தால் ஒன்று ஏறும். பார்க்கக் கூடாதென்று நினைத்தாலும் கழுத்து தானாக நிமிரும். சாமி படத்தைக்கூட நான் அத்தனை தடவை நிமிர்ந்து பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தாலும் விட்டால்தானே. அரிசி களைந்தால் தண்ணீருக்குள் 412. கண்ணை மூடினால் 413. என் வீட்டுக்காரர் வெங்கடப்பன் அந்த வருஷம்தான் கேபிள் கனெக்‌ஷன் வாங்கியிருந்தார். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு சானலை மாற்றுவார், மாற்றுவார், மாற்றிக்கொண்டே இருப்பார். ஒன்றையும் பார்க்க மாட்டார். டி.வி. மூலையில் பச்சை எண் மாறிக்கொண்டே இருக்கும். கம்பெனியில் சிவப்பு, வீட்டில் பச்சை. நடுவில் இந்த மண்டை எனக்குச் சொந்தமா இல்லையா என்று ஒருநாள் சாம்பார்க் கரண்டியைத் தரையில் விட்டெறிந்தேன். அவர், "என்னாச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த சானல் மாற்றினார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஒரு குயர் நோட்டு ஒன்று வாங்கினேன். நாற்பத்தெட்டுத் தாள். எதற்கென்று எனக்கே தெரியாது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நாலு வரி எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. கால் மணி நேரமாக எனக்கு ஒரு எண்கூட ஞாபகம் வரவில்லை. அன்றையிலிருந்து அந்த நோட்டை விடவில்லை.

எழுதியது ஒரு குதிரையைப் பற்றி. என் அப்பா மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். முன்னே அங்கே குதிரைகூட இருந்ததென்று சொல்வார். நிஜமோ பொய்யோ, எனக்கு ஒரு குதிரை கிடைத்தது. அது ஒருநாள் பண்ணையை விட்டுக் கிளம்புகிறது. தீனிக்காக இல்லை, அடிக்குப் பயந்தும் இல்லை. கர்நாடகா பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நடந்து நடந்து எல்லையில் இருக்கிற ஜூஜுவாடி செக்போஸ்டுக்கு வருகிறது. அங்கே ஒரு ஆபீசர் கட்டையை இறக்கிவிட்டு, "பேப்பர் எங்கே?" என்கிறார். குதிரையிடம் ஏது பேப்பர்? நிற்கிறது.

அந்த இடத்தில் கதையும் நின்றுவிட்டது. கம்பெனி பஸ்ஸில் தினமும் காலையில் படித்துக் காட்டுவேன். ருக்மணி, பாப்பம்மா, பின் ஸீட்டுப் பெண்கள் எல்லாரும் காதைக் கொடுப்பார்கள். ஒன்பது மாதமாகக் குதிரை செக்போஸ்டில் நின்றதும் அவர்களுக்கும் பொறுமை போய்விட்டது.

"ஏ நாராயணம்மா, எப்பதான் தாண்டும் உன் குதிரை? ஒரு குதி குதிச்சா ஆச்சு!" என்பாள் பாப்பம்மா.

குதிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஜூஜுவாடி எங்கள் ஊர்ப் பக்கம். அங்கே பேப்பர் இல்லாமல் எதுவும் தாண்டி நான் பார்த்ததில்லை. கதையென்றாலும் அதற்காக அண்டப் புளுகு புளுக முடியுமா? அதனால் குதிரை நின்றது. செக்போஸ்ட் ஆபீசர் அதற்கு என்னென்ன தொல்லை கொடுத்தார் என்று எழுதிக்கொண்டே போனேன். அவருடைய நெற்றியில் சிவப்பாக ஒரு எண் எரியும். அறுநூற்று நாற்பது சுற்று சுற்றிக் காட்டு என்பார். கழுத்தில் ஒரு கைக்குட்டை. ஆமாம், வேண்டுமென்றேதான் வைத்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எனக்கு நினைப்பு தெலுங்கில் வரும். கைக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். அதனால் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு அதிசயமே இல்லை. என் அம்மா கடுதாசி போட்டால் அப்படித்தான் போடுவாள்.

இந்த நோட்டை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவருவது தினமும் ஒரு யுத்தம். கேட்டில் வாட்ச்மேன் திம்மப்பன் இருப்பார், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், கன்னடக்காரர். சோற்று டப்பாவைத் தவிர எது உள்ளே போனாலும் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் அதே பொருள் வெளியே போக வேண்டும். அது ரூல். என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார். தாளுக்குத் தாள் புரட்டுவார். அப்புறம் எழுதுவார்: நாராயணம்மா, நோட்டு, ஒன்று, உள்ளே. மாலையில் மறுபடியும் உதறி, மறுபடியும் எழுதுவார்: ஒன்று, வெளியே. பதினாலு மாதம் இப்படி.

"தெனம் அதே நோட்டுதானே, விட்டுடக் கூடாதா?" என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

"ரூல்ஸு ரூல்ஸேம்மா," என்றார். அந்த மனுஷனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் நோட்டு பிடிபடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் கம்பெனி டிராயிங் ஒன்று எப்படியோ வெளியே போய்விட்டதாம். அதற்குப் பிறகு கோதண்டராமன் ஒரு சர்க்குலர் போட்டார். ஆபீஸ் பக்கத்திலிருந்து வெளியே போகிற எந்தக் காகிதமானாலும் ஒவ்வொரு தாளிலும் "வெளியே செல்ல அனுமதி" என்று இங்கிலீஷ் முத்திரை வேண்டும். முத்திரை கேட்டில் திம்மப்பனின் மேஜையில் இருக்கும், ஆபீசர் வந்துதான் வைக்க வேண்டும். சர்க்குலரைத் திம்மப்பன் தன் ரூம் சுவரில் பசை தடவி ஒட்டிவைத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேன்டீனில் எழுதிக்கொண்டிருந்தேன். லைன் சூப்பர்வைசர் தங்கமணி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் செக்போஸ்ட் கட்டையைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முனையில் கட்டை, மறு முனையில் பாரத்துக்குக் கட்டின கல்.

"என்னம்மணி இது, டிராயிங்குங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நோட்டு அவர் கைக்குப் போயிருந்தது. அரை மணி நேரத்தில் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்.

கோதண்டராமன் மேஜைமேல் என் நோட்டு விரிந்து கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒக... குர்ரம்... இது என்ன கோட் வேர்டு?"

"தெலுங்கு சார். குர்ரம்னா குதிரை."

"தமிழ் எழுத்துல இருக்கே?"

"எனக்குத் தமிழ் எழுத்துதான் சார் தெரியும்."

"அப்போ தமிழ்லயே எழுத வேண்டியதுதானே? படிக்கிறவனுக்குப் புரியக் கூடாதுன்னுதானே இப்படி எழுதியிருக்கே?"

எங்கள் ஊரில் வந்து சம்பளம் வாங்குகிறார். எங்கள் ஊரில் ஜனங்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. தெரியாதது அவருக்குத் தப்பில்லையாம், எனக்குத்தான் தப்பாம்.

"இது என்ன? லீவரா?" படத்தைக் காட்டினார்.

"செக்போஸ்ட் கட்டை சார்."

"இதோ அறுநூத்தி நாப்பது. இங்கே ஒரு அறுநூத்தி நாப்பது. இது நம்ம டார்கெட். புரொடக்‌ஷன் ஃபிகரை வெளியில எழுதிக் குடுக்கறியா?"

என் வாய்க்குள் வந்ததையெல்லாம் விழுங்கினேன். அடுத்த மாதம் என் கன்பர்மேஷன். இரண்டு வருஷம் டெம்பரரியாகத் தேய்ந்தாகிவிட்டது. இந்த ஆள் கையெழுத்துப் போட்டால்தான் பர்மனென்ட்.

தெலுங்கு தெரிந்து தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஸ்டோர்ஸ் பெருமாளைக் கூப்பிட்டார்கள். அவர் பாகலூர்ப் பக்கம், எங்கள் மாதிரிதான். நோட்டை வாங்கி ஒரு பக்கம் வாய்க்குள்ளேயே படித்தார். உதடு இழுத்துக்கொண்டு சிரிப்பு வந்தது.

"என்னய்யா இருக்கு?"

"குதிரைங்க சார். பண்ணையை உட்டுக் கிளம்புது."

"அப்புறம்?"

"செக்போஸ்ட்ல நிக்குது சார்."

"அப்புறம்?"

பெருமாள் பத்துப் பக்கம் புரட்டினார். "நிக்குது சார்." இன்னும் பத்துப் பக்கம். "நின்னுக்கினே இருக்குது சார்."

"அதுலயிருந்து ஏதாவது ஒரு பக்கம் அப்படியே படிச்சுச் சொல்லு."

பெருமாள் ஒரு பக்கத்தை எடுத்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். நாலாவது வரியில் நின்றுவிட்டார்.

"ஏன் நிறுத்தறே?"

"ஒண்ணுமில்ல சார். அந்த செக்போஸ்ட் ஆபீசரு..."

"ஆபீசருக்கு என்ன?"

பெருமாள் கோதண்டராமனின் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "கழுத்துல கைக்குட்டை சுத்தியிருக்கறாராம் சார்."

சுவரோரம் நின்றிருந்த தங்கமணி இருமினார். கோதண்டராமனின் கை கழுத்துக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தது.

"எதுக்கு எழுதறே?" என்றார். குரல் மாறியிருந்தது.

"சும்மாதான் சார்."

"சும்மா எவனாவது பதினாலு மாசம் எழுதுவானா? யார் எழுதச் சொன்னது? யாருக்குக் குடுக்கறே? யூனியனா, வேற கம்பெனியா?"

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடி என்று நினைத்ததற்குக்கூட இல்லை. ஸ்க்ரூ முறுக்குகிற பொம்பளையின் மண்டைக்குள் யாரும் சொல்லாமல், யாருக்கும் விற்காமல், சும்மா ஒரு குதிரை நிற்கும் என்று அவரால் நம்பவே முடியவில்லை. அறுநூற்று நாற்பது என்ற எண்ணை எட்டு மணி நேரம் என் தலைக்குள் அடைத்தது அவர்கள். அது என் நோட்டில் இருப்பது குற்றமாம்.

டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். கம்பெனி விவரங்களை எழுதியது தவறு, நோட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறேன், இனிமேல் எழுத மாட்டேன் என்று இருந்தது. கீழே என் பெயர், புள்ளிக்கோடு.

"போட்டுட்டுப் போ. அடுத்த மாசம் கன்பர்மேஷன் வரும். போடலேன்னா அதைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. "நோட்டு என்னுது சார். குதிரையும் என்னுது. இதுல உங்க கம்பெனி ஸ்க்ரூ ஒண்ணுகூட இல்ல," என்றேன். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, கோபத்தில். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதுவும் எனக்குக் கோபம்.

நோட்டை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடு. இப்போ போய் வேலையைப் பாரு, டார்கெட் குறையுது."

போய் ஸீட்டில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே 377. ஆத்திரத்தில் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினேன் என்று எனக்கே தெரியாது. நடு ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினால் ஹாரன் ஊமையாகிவிடும். அன்று என் கையிலிருந்து போனதில் பதினொன்று ஊமை. கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து யாரோ கத்தினார்கள். கத்தட்டும்.

ருக்மணி குனிந்தபடியே கிசுகிசுத்தாள்: "கையெழுத்துப் போட்டுடு. இன்னொரு நோட்டு வாங்கிக்கலாம். நோட்டா உனக்கு சோறு போடுது?"

"நீயும் பேசாத."

"உன் நல்லதுக்குத்தான சொல்றன்."

இவள்தான் தினமும் காலையில் முதல் ஆளாக, "குதிரை என்னா பண்ணுது?" என்று கேட்கிறவள். இரண்டு நாள் இவளோடு பேசக் கூடாது என்று முடிவு பண்ணினேன். எனக்கு எல்லாருக்கும் மேல் கோபம். ருக்மணி மேல், பயந்தாங்கொள்ளி தங்கமணி மேல், பொய் சொல்லியாவது காப்பாற்றத் தெரியாத பெருமாள் மேல், இன்னொரு பிரதி எடுத்து வைக்காத என் மேல். நாற்பத்தைந்து தாள் நிறைய எழுதியிருந்தேன். ஒரு வரிகூட வேறெங்கும் இல்லை. பதினாலு மாதத்தில் அது ஒன்றுதான் நான் சொந்தமாகச் செய்தது. மீதியெல்லாம் ஹாரன்.

ஐந்து மணிக்கு சங்கு ஊதியது. கேட்டில் வரிசையில் நின்றேன். மத்திகிரி பஸ் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. திம்மப்பன் என் பையை உதறினார். மறுபடி உதறினார்.

"நோட்டு எல்லிம்மா?" என்றார். எங்கே என்பது அவர் வாயில் கன்னடத்தில்தான் வரும்.

"இல்லீங்க."

"காலைல உள்ள போச்சு. எல்லி?"

"ஆபீசர் வச்சிக்கினாரு."

"ஆபீசர் வச்சிக்கிட்டா சீட்டு குடுப்பார். சீட்டு எல்லி?"

"சீட்டெல்லாம் ஒண்ணும் குடுக்கல. என்னை விடுங்க, நான் போறன்."

திம்மப்பன் ரிஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள ஒண்ணு, வெளிய சைபர். புக்கு க்ளோஸ் ஆகாது." எழுந்துபோய் கேட்டுச் சங்கிலியைக் குறுக்கே மாட்டினார். எனக்குப் பின்னால் அறுபது பேர். "ஐயோ, பஸ்ஸு போயிடும்," என்று கத்தல் கிளம்பியது.

அவருக்கு என்மேல் இரக்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். "டிராயிங் போனப்போ ஆபீசர் என்னைத்தான் பைதாரு, அப்படித் திட்டு. உன் கேட்ல ஒரு துண்டு காகிதம் கொறஞ்சா உன் வேலை போச்சுன்னாரு," என்றார். "நாளைக்கு இந்த நோட்டு எல்லின்னு கேட்டா நான் ஏன் சாகணும்?"

கோதண்டராமன் ஸ்கூட்டரில் வந்தார். சங்கிலி. ஹாரன் அடித்தார். திம்மப்பன் சல்யூட் அடித்தாரே தவிர சங்கிலியை எடுக்கவில்லை.

"என்னய்யா?"

"நோட்டு ஒண்ணு உள்ள, வெளிய இல்ல சார். சீட்டும் இல்ல."

"அது கம்பெனி விஷயம். சங்கிலியை எடு."

"புக்கில் நாராயணம்மா பேர்ல இருக்கு சார். கம்பெனி பேர்ல இல்ல."

"எங்கே காட்டு." ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து ரிஜிஸ்டரைக் குனிந்து பார்த்தார். முழுக்கக் கன்னடம். அத்திப்பள்ளியில் ஐந்தாவதுவரை படித்த திம்மப்பன் பின்னே எதில் எழுதுவார்?

"இது என்ன எழுத்து! எனக்கு எப்படிப் புரியும்?"

"நீங்க எப்பவும் கேக்கல சார். மாசக் கடைசில கையெழுத்து மட்டும் போட்டீங்க." திம்மப்பன் பக்கத்தைப் புரட்டினார். ஒவ்வொரு மாதத்தின் கீழேயும் கோதண்டராமனின் கையெழுத்து. பதினாலு மாதமாக, தினம் தினம் என் நோட்டு எனக்குச் சொந்தம் என்று அவரே சாட்சி போட்டிருக்கிறார், படிக்காமல்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குப் புரியாத என் எழுத்து திருட்டு. அவருக்குப் புரியாத வாட்ச்மேன் எழுத்துக்குக் கையெழுத்து. "கேளுங்க சார், அவரையும் கேளுங்க!" என்று கத்திவிட்டேன். "யாருக்கும் புரியக் கூடாதுன்னுதான எழுதினேன்னு அவரையும் கேளுங்க!"

அந்த நேரம் பார்த்து கோதண்டராமனின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஃபேக்டரி மேனேஜரின் அம்பாசிடர் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம், அப்புறம் விடாமல். கோதண்டராமன் கைக்குட்டையை எடுத்து நிஜமாகவே கழுத்தைத் துடைத்தார். வேகவேகமாக ஆபீஸுக்கு நடந்தார். நோட்டோடு திரும்பி வந்து என் பக்கம் நீட்டினார்.

நடுவில் திம்மப்பன் கை வந்தது. "சீல் சார்."

"என்ன சீல்?"

திம்மப்பன் சுவரைக் காட்டினார். "ஆபீஸிலிருந்து வர்ற காகிதம், ஒவ்வொரு தாளுக்கும். நீங்க எழுதினது சார்."

"இதுக்கெல்லாமா? போகட்டும் விடு."

"ரூல்ஸு ரூல்ஸே சார்."

மேனேஜர் கார்க் கண்ணாடியை இறக்கி, "வாட் இஸ் திஸ், கோதண்டராமன்?" என்றார். திம்மப்பன் மேஜைமேல் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். கோதண்டராமன் நின்றபடியே முத்திரையை மையில் குத்தி, தாளில் குத்தினார். டப். தாளைத் திருப்பினார். டப். பாப்பம்மா உரக்க எண்ண ஆரம்பித்தாள். மூன்று, நாலு. பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், தெலுங்கில் ஒருத்தி, கன்னடத்தில் ஒருத்தி. "டார்கெட் நாப்பத்தெட்டு சார், சீக்கிரம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். ருக்மணி!

கடைசி மூன்று தாள் வெற்றுத் தாள். ஆத்திரத்தில் அதிலும் குத்தினார். நாற்பத்தெட்டு. திம்மப்பன் நோட்டை வாங்கி, வழக்கம்போலத் தலைகீழாக உதறி, என் கையில் கொடுத்துவிட்டு எழுதினார்: ஒன்று, வெளியே.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது, பதினோரு ஊமை ஹாரனுக்காக. கன்பர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. வெங்கடப்பன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த ஊதா மைதான். என் எழுத்தின் நட்ட நடுவில், ஒவ்வொரு தாளிலும், அரை உள்ளங்கை அகலத்துக்கு முத்திரை. குதிரையின் காதுமேல் ஒன்று. நான் பாடுபட்டு அடித்துத் திருத்தி எழுதின வரிமேல் ஒன்று. திருப்பித் தருகிறபோதுகூட நாசமாக்கித்தான் தருவாயா, பாவி! கண்ணில் தண்ணீர் முட்டியது. விரலால் தேய்த்தேன், மை இன்னும் பரவியது.

ருக்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்.

"என்னா போட்டிருக்குது?" என்று முன் ஸீட்டிலிருந்து பாப்பம்மா கேட்டாள்.

"வெளிய போவலாம்னு போட்டிருக்குது," என்றாள் ருக்மணி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பஸ் சிப்காட்டைத் தாண்டிக் குழியில் விழுந்து எழுந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தேன். வெற்றுத் தாளைப் பிரித்து, முத்திரைக்குக் கீழே, பஸ் ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதினேன். எழுதுகிறபோதே உரக்கப் படித்தேன்.

குதிரை நாற்பத்தெட்டுத் தாளை நீட்டியது. ஆபீசர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்குப் புரியவில்லை, ஆனால் நாற்பத்தெட்டு முத்திரையும் அவர் கையால் வைத்ததுதான். கட்டை மேலே போயிற்று. குதிரை தாண்டிப் போயிற்று. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.